எபிதீலியத் திசு: டர்பன் வீடுகளில் எழும் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் பத்தாம் வகுப்பு உயிர் அறிவியலில் விலங்குத் திசுக்கள் பாடம் வரும்போது பிள்ளைகள் கேட்பது ஒரு மாதிரி இருக்கும். எத்தனை வகை, படம் எப்படி வரைவது, தேர்வில் எத்தனை மதிப்பெண் என்பார்கள். அவர்களைக் கூப்பிட்டுப்போக வரும் அம்மாக்களும் ஆயாக்களும் (பாட்டிமார்) கேட்பது வேறு. வாயில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதே, தீ மிதித்தும் கால் பொசுங்கவில்லையே, கிளினிக்கில் பாப் ஸ்மியர் என்ற கருப்பை வாய்ச் சோதனை எடுக்கச் சொல்கிறார்களே என்று. எல்லாம் ஒரே திசுவைப் பற்றிய கேள்விகள்தான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எபிதீலியத் திசு என்றால் என்ன?

உடம்பில் அடிப்படையாக நான்கு வகைத் திசுக்கள் உண்டு: எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. இதில் எபிதீலியம் உடம்பின் எல்லாப் பரப்புகளையும் மூடியிருப்பது. வெளியே தோலின் மேல்பகுதி. உள்ளே வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை, கருப்பை, ரத்தக் குழாய்களின் உட்புறம் எல்லாமே. சுரப்பிகளும் இதிலிருந்துதான் உருவாகின்றன. வியர்வை, எச்சில், தாய்ப்பால், தைராய்டு ஹார்மோன் எல்லாம் எபிதீலியச் செல்கள் சுரப்பவை.

மனதில் வைக்க வேண்டியது இதுதான்: நாம் சாப்பிடுவது, குடிப்பது, மூச்சில் இழுப்பது எதுவும் எபிதீலியத்தைத் தாண்டாமல் ரத்தத்தில் சேர முடியாது. வாய்க்குள் போட்ட சோறு குடலில் இருக்கும்போதும், உடம்பின் கணக்கில் அது இன்னும் வெளியேதான் இருக்கிறது. குடல் எபிதீலியத்தைக் கடந்த பிறகுதான் அது நம்முடையது.

மற்ற திசுக்களிலிருந்து இதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டியிருக்கும். இடையில் வெற்றிடம் அநேகமாக இருக்காது. கீழே அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் இருக்கும். எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். ஒவ்வொரு செல்லுக்கும் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற வேறுபாடு உண்டு. அப்புறம், இதற்குள் ரத்தக் குழாய் கிடையாது.

ரத்தக் குழாய் இல்லாமல் எப்படி உயிர் வாழும்?

அடியில் இருக்கும் இணைப்புத் திசுவில் ரத்தக் குழாய்கள் உண்டு. அங்கிருந்து ஆக்சிஜனும் உணவும் அடித்தளச் சவ்வு வழியாகப் பரவி மேலே வருகின்றன. காகித ஓரம் பட்டு விரல் லேசாகக் கீறினால் சில சமயம் எரிச்சல் இருக்கும், ரத்தம் வராது. கீறல் எபிதீலியத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். எரிச்சல் ஏன் என்றால், ரத்தக் குழாய் நுழையாத இந்த இடத்துக்குள் நரம்பு நுனிகள் நுழைந்திருக்கின்றன.

வகைகளை மனப்பாடம் செய்ய முடியவில்லை, என்ன செய்வது?

மனப்பாடமே வேண்டாம். இரண்டு கேள்வி போதும். எத்தனை அடுக்கு? செல்லின் வடிவம் என்ன? ஒரே அடுக்கு என்றால் எளிய எபிதீலியம், பல அடுக்கு என்றால் கூட்டு எபிதீலியம். வடிவம் தட்டை, கனசதுரம், தூண் என்று மூன்று. அப்புறம் அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று யோசித்தால் விடை தானாக வரும்.

நுரையீரலின் காற்றறையில் ஆக்சிஜன் சட்டென்று கடக்க வேண்டும். அதனால் அங்கே ஒரே அடுக்கு தட்டைச் செல். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பு பல இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. வாயிலும் உணவுக்குழாயிலும் உராய்வு அதிகம். அங்கே பல அடுக்கு. சிறுநீரகக் குழல்களில் உறிஞ்சலும் சுரப்பும் நடக்கின்றன, அங்கே கனசதுரம். குடலில் தூண் வடிவம். சிறுநீர்ப்பையில் இருப்பது மாறுநிலை எபிதீலியம். பை காலியாக இருக்கும்போது ஐந்தாறு அடுக்காகத் தெரிவது, நிறைந்ததும் விரிந்து இரண்டு மூன்று அடுக்காகத் தெரியும்.

மூச்சுக்குழலில் மட்டும் கொஞ்சம் ஏமாற்று வேலை உண்டு. பார்த்தால் பல அடுக்கு மாதிரி இருக்கும். ஆனால் எல்லாச் செல்களும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. உயரம்தான் வேறு வேறு. அதனால் அதற்குப் போலி அடுக்கு எபிதீலியம் என்று பெயர். தேர்வில் அதிகம் பேர் தவறவிடும் இடம் இது.

கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும்?

பள்ளியில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை. சுத்தமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் மெதுவாகத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட வேண்டும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வெளிர்நீலத் துணுக்குகள் மட்டும் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஒவ்வொன்றும் கோணல்மாணலான பலகோணம். ஓரங்கள் சில இடத்தில் மடங்கியிருக்கும். அவ்வளவு மெல்லிசு. நடுவில் கருநீலப் புள்ளியாக நியூக்ளியஸ். மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அவை வாயில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

தோலிலிருந்து உதிர்வதை இப்படிப் பார்த்தால் நியூக்ளியஸ் இருக்காது. தோலின் மேலடுக்குச் செல்கள் கெரட்டின் என்ற கெட்டியான புரதம் நிறைந்து செத்துப்போனவை. வாய்க்குள் ஈரம் இருப்பதால் அந்தக் கெட்டிப்படுத்தல் தேவைப்படவில்லை. தன் செல்லைத் தானே பார்க்கும் பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஒவ்வொருவர் குச்சியையும் தனியாக வைத்து, முடிந்ததும் கிருமிநாசினியில் போட்டுவிட வேண்டும்.

குடலின் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்கிறார்களே?

பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டபோது செரிமானப் பாதை முழுவதும் சேர்த்துச் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. அதுவும் சின்ன அளவா? ஒரு பெரிய அறையின் தரை அளவு வயிற்றுக்குள் இருக்கிறது. புடவையைக் கொசுவி இடுப்பில் செருகுவது போல மடிப்பு வைத்துத்தான் இது அடங்குகிறது. குடல் சுவரில் மடிப்பு, மடிப்பின் மேல் குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு தூண் செல்லின் தலையிலும் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள். இந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாகின்றன. தோலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

காரம் அதிகம் சாப்பிட்டால் வயிறு புண்ணாகுமா?

டர்பனில் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. மிளகாயில் உள்ள கேப்சைசின் நரம்பு நுனியில் இருக்கும் வெப்ப உணர்வியைத் தூண்டுகிறது. சுடுவது போலத் தோன்றும், செல் வெந்துபோவதில்லை. இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டறிந்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு காரணம் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி விழுங்கும் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள். இரைப்பை எபிதீலியம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் சளிப்படலத்தை இவை குறைத்துவிடும். ஏற்கெனவே புண் இருப்பவருக்குக் காரம் வேதனையைக் கூட்டலாம். மற்றபடி மிளகாய்க்கு முன்னால் மாத்திரை டப்பாவைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மெரபேங்க் பக்கம் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அதிகம். இதற்கும் எபிதீலியத்துக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயம் உண்டு. மூச்சுக்குழல் எபிதீலியத்தில் கோப்பைச் செல்கள் சளி சுரக்கும். தூசி அதில் ஒட்டும். பக்கத்துச் செல்களின் குறு இழைகள் அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ராத்திரி பகல் ஓயாத வேலை. கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும் நிறைந்த காற்று இந்தச் செல்களைக் காயப்படுத்துகிறது. ஆஸ்துமாவில் எபிதீலியம் அங்கங்கே உரிந்து, கோப்பைச் செல்கள் பெருகி, சளி கெட்டியாகிறது. அப்போது இயங்கிவந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த மெரபேங்க் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, அந்தப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா மிக அதிகம் என்று காட்டியது. அந்தக் குடும்பங்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

சிகரெட் வேறு விதமாகக் கெடுக்கும். குறு இழைச் செல்கள் போய், அந்த இடத்தில் தட்டைச் செல் அடுக்கு வந்துவிடும். தள்ளுவதற்கு இழை இல்லாததால் இருமித்தான் சளியை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. நாள்பட்ட புகைப்பழக்கக்காரர்களின் காலை இருமல் அதுதான்.

தைப்பூசக் காவடியில் அலகு குத்திய துளை சீக்கிரம் மூடிக்கொள்கிறது. காது குத்திய துளை மட்டும் ஏன் மூடுவதில்லை?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. காயம் பட்டதும் ஓரத்தில் உள்ள எபிதீலியச் செல்கள் தம் பிடியைத் தளர்த்தி, தட்டையாகி, காயத்தின் மேல் நகர ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். இது எல்லாக் காயத்துக்கும் பொது.

அலகை அன்றைக்கே எடுத்துவிடுகிறோம். துளையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே செல்கள் நகர்ந்து சேர்ந்து மூடிவிடுகின்றன. கன்னத்தில் வெளிப்பக்கம் கெரட்டின் உள்ள எபிதீலியம், உள்பக்கம் கெரட்டின் இல்லாத ஈரமான எபிதீலியம். உள்பக்கம் இன்னும் வேகமாக ஆறும். காதில் தோட்டை விட்டுவைக்கிறோம். முன்னும் பின்னும் இருந்து கிளம்பிய செல்கள் எதிரே ஆளைக் காணாமல் துளைக்குள்ளேயே நகர்ந்து, நடுவில் சந்திக்கின்றன. சில வாரங்களில் துளை முழுவதற்கும் தோல் உறை போட்டுவிடுகிறது. ஓட்டையாகத் தெரிவது உண்மையில் தோலால் ஆன ஒரு சின்னக் குழாய். அதற்குள் உரியும் செல்கள்தான் தோட்டைக் கழற்றும்போது ஒட்டிக்கொண்டு வரும் அழுக்கு.

அலகும் ஊசியும் ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தவே கூடாது. ஹெபடைடிஸ் பி, எச்ஐவி இரண்டுக்கும் எபிதீலியம்தான் தடுப்பு. ஊசி அதைத் திறந்துவிடுகிறது. கிருமிநீக்கம் செய்யப்பட்ட ஊசியா என்று கேட்பது விரதத்துக்குக் குறைவு ஆகாது.

தீ மிதிப்பவர்களின் கால் ஏன் வெந்துபோவதில்லை?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பெரிய வெள்ளிக்கிழமை தோறும் தீமிதி நடக்கிறது. டர்பன் கோயில்கள் சிலவற்றிலும் உண்டு. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் வேறு. பாதம் ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் படுகிறது. அப்புறம் உள்ளங்காலின் எபிதீலியம். கண் இமையில் 0.05 மில்லிமீட்டர் இருப்பது உள்ளங்காலில் சுமார் 1.5 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி செத்த கெரட்டின் அடுக்கு. இதைச் சொல்வதால் பக்தி குறைந்துவிடாது. விரதமும் மன ஒருமையும் இருப்பவர் தடுமாறாமல் சீராக நடக்கிறார். தடுமாறி நின்றால்தான் கால் வேகும்.

வெந்துவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். வெண்ணெய், பற்பசை, மாவு எதுவும் போடாதீர்கள். மேலோட்டமான தீக்காயம் ஏன் தழும்பில்லாமல் ஆறுகிறது தெரியுமா? வியர்வைச் சுரப்பியின் குழாயும் மயிர்க்காலும் எபிதீலியத்தால் ஆனவை, ஆழத்தில் பிழைத்திருக்கும். அங்கிருந்து செல்கள் மேலே ஏறி வந்து பரப்பை நிரப்பும். காயம் அதைவிட ஆழமாகப் போனால் ஓரத்திலிருந்து மட்டுமே செல் வர முடியும். அப்போதுதான் தோல் ஒட்டு தேவைப்படுகிறது.

காயத்தைக் காற்றாட விடுவது நல்லதா, மூடுவது நல்லதா?

மூடுவதுதான். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், ஈரம் காய்ந்துவிடாமல் மூடிய காயத்தில் எபிதீலியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. காய்ந்த பொருக்கு இருந்தால் செல்கள் அதற்கு அடியில் வழி தேடிப் போக வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. தீ மிதிக்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். சர்க்கரை பல வருடம் கூடியிருந்தால் பாத நரம்புகள் உணர்வை இழக்கும்; சுட்டதே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். எபிதீலியம் அடியிலிருந்து பரவும் ஆக்சிஜனை நம்பியிருப்பது. அது வராவிட்டால் செல்கள் நகராது, காயம் மூடாது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை அதிகம் என்பது தெரிந்ததே. அப்பாவிடம் பால்குடம் எடுக்கச் சொல்லுங்கள். தினமும் ராத்திரி அவர் பாதத்தை நீங்களே விளக்கடியில் பாருங்கள், விரலிடுக்கும் சேர்த்து.

ஆயா வெற்றிலைப் பாக்குதான் போடுகிறார், புகையிலை இல்லை. ஆபத்து உண்டா?

உண்டு. பாக்கே போதும். டர்பன் இந்தியர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், செய்த ஆய்வுகள் 1980களிலேயே இதைக் காட்டின. புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் மென்றவர்களுக்கும் வாய் இறுகும் நோய் வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது.

பாக்கில் உள்ள அரிகோலின் எபிதீலியத்துக்கு அடியில் கொலாஜன் நாரைக் குவிக்கச் செய்கிறது. எபிதீலியம் மெலிகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் வெளிறி விறைக்கும். கடைசியில் வாய் திறப்பது குறையும். மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எதுவானாலும் காட்ட வேண்டும். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது, அதுதான் கஷ்டம்.

தாம்பூலத் தட்டு விசேஷத்தில் இருக்கட்டும். தினமும் மெல்வதைத்தான் விடச் சொல்கிறேன். ஆயாவைத் திட்டாதீர்கள். ஐம்பது வருடப் பழக்கம் அதட்டலில் போகாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் குறையும்.

பெரும்பாலான புற்றுநோய் ஏன் எபிதீலியத்திலேயே வருகிறது?

பெரியவர்களின் புற்றுநோயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தத் திசுவில் தொடங்குபவை. இரண்டு காரணம். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் இவை. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏ நகலெடுப்பில் பிழை நேரலாம். அதோடு புகை, வெயில், வைரஸ், பாக்கு எல்லாம் முதலில் படுவதும் இதன் மேல்தான். பிழையான செல்கள் அடித்தளச் சவ்வுக்கு மேலே இருக்கும்வரை பரவ வழியில்லை. அங்கே ரத்தக் குழாய் இல்லையே. சவ்வைத் துளைத்த பிறகுதான் பரவ ஆரம்பிக்கும். முன்கூட்டியே கண்டுபிடியுங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இந்த இடைவெளிக்காகத்தான்.

பாப் ஸ்மியர் எதற்கு? கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து எனக்கு ஏன்?

கருப்பை வாயின் உட்புறம் ஒரே அடுக்கு தூண் செல்; வெளிப்புறம் பல அடுக்கு தட்டைச் செல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பருவம் வந்த காலத்திலிருந்தே தூண் செல் தட்டைச் செல்லாக மாறிக்கொண்டிருக்கும். அந்த மாறும் பகுதியில்தான் எச்பிவி வைரஸ் எளிதாகத் தங்கும். பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிட்டால் பத்துப் பதினைந்து வருடத்தில் புற்றுநோயாகலாம். அந்தப் பகுதியிலிருந்து சில செல்களை மென்மையாகத் துடைத்தெடுத்துப் பார்ப்பதுதான் பாப் ஸ்மியர். கன்னத்தைச் சுரண்டிப் பார்த்த அதே முறை.

வைரஸ் இருபது வருடத்துக்கு முன்பே வந்து தங்கியிருக்கலாம். அதனால் யார் நடத்தையைப் பற்றியும் இது எதுவும் சொல்வதில்லை. அரசுக் கிளினிக்கில் முப்பது வயதிலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். எச்ஐவி உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி எடுக்க வேண்டும். 2014 முதல் அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். தொடக்கத்தில் நான்காம் வகுப்பில் போட்டார்கள், இப்போது ஐந்தாம் வகுப்பில். சம்மதப் படிவம் பையில் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

எங்கள் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். இதற்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன தொடர்பு?

நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் மேல் ஒரே அடுக்கு தட்டைச் செல் உண்டு. மீசோதீலியம் என்று பெயர். மூச்சில் போன ஆஸ்பெஸ்டாஸ் நார் அங்கே சிக்கினால், இருபது முதல் ஐம்பது வருடம் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரலாம். இதை உலகத்துக்கு உறுதியாகக் காட்டியது தென்னாப்பிரிக்காதான். 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூவரும் 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அதிகம் பேர் வடக்குக் கேப் பகுதியின் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களோடு தொடர்புள்ளவர்கள். சுரங்கத்தில் வேலையே செய்யாமல் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2008இல் இங்கே ஆஸ்பெஸ்டாஸ் தடைசெய்யப்பட்டது. ஆனால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கப் பழைய கவுன்சில் (நகராட்சி) வீடுகளில் கூரை இன்னும் இருக்கிறது.

உடையாத தகடு நாரை அதிகம் உதிர்க்காது. அதில் துளை போடுவது, அறுப்பது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, அழுத்தத் தண்ணீர் அடித்துப் பாசி கழுவுவது இவைதான் ஆபத்து. உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கூரையை மாற்றுவதாக இருந்தால் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்ததாரரிடம்தான் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மச்சானும் ஏறிக் கழற்றுகிற வேலை இது இல்லை.